குறை எழுத ஏடு உண்டு, நிறை எழுத உண்டா?

தொழிலாளத் தோழர்களே!

தோட்டத்துக் கணக்கேடுகளை நாள்தோறும் புரட்டுகிற கிராணிமாராகிய நாம் ஒன்று சொல்வோம். பெரட்டுக்கு வராதவர் பெயருக்கு நேரே போட ஒரு குறி உண்டு. பால் குறைந்தால் எழுத இடம் உண்டு. பட்டையில் கத்தி ஆழமாக இறங்கி மரம் காயம்பட்டால், அதை எண்ணிச் சொல்ல மண்டோர் உண்டு. ஆனால் விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய், 500 மரங்களைக் காயமின்றி வெட்டி முடித்தவரைப் பற்றி எழுத எந்த ஏட்டிலாவது ஒரு கட்டம் உண்டா?

இல்லை. முதலாளியின் ஏடு அப்படித்தான் இருக்கும், அதில் வியப்பில்லை. நாம் கேட்பது வேறு. அந்த ஏட்டின் கண்ணையே நம்மவரும் வாங்கி மாட்டிக்கொண்டு ஒருவரையொருவர் பார்ப்பது ஏன்?

புதிதாகக் கத்தி பிடித்த பிள்ளை முதல் மாதம் பத்து மரத்தைக் காயப்படுத்துகிறான், லயமே சிரிக்கிறது. மூன்றாம் மாதம் அது இரண்டாகக் குறைகிறது. ஒருவரும் வாய் திறப்பதில்லை. கிளைச் செயலாளர் ஒரு கடிதத்தை மறந்தால் கூட்டத்தில் கூச்சல். வேலைக் களைப்போடு இரவில் உட்கார்ந்து அவர் பத்து மனு எழுதினால், அது அவர் தலையெழுத்து! இதுவா தோழமை?

‘பாராட்டினால் வயிறு நிறையுமா?’ என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. துரை முதுகில் தட்டி ‘நல்ல வேலை’ என்று சொல்லிவிட்டுச் சம்பளத்தை இருந்த இடத்திலேயே வைத்தால், அந்தச் சொல் சல்லிக்காசு பெறாது. கூலிக்குப் பதிலாகத் தரப்படும் புகழ்ச்சியை ஏமாற்று என்றே நாம் சொல்கிறோம். ஆனால் அடுத்த நிரையில் வெட்டுபவர் சொல்லும் நல்ல சொல் அப்படியன்று. அதைச் சொல்லி அவர் மிச்சம் பிடிக்கப் போவது ஒன்றுமில்லை.

கூலி வேறு, மானம் வேறு என்று நம் முன்னோர் பிரித்துப் பார்த்ததில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு இன்னொன்றும் கேட்டார்கள். துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் போயின. மனிதனை மனிதனாக மதிக்கச் சொல்லி அவர்கள் மேலிடத்தோடு போராடினார்கள். அந்த மதிப்பை நமக்குள்ளேயே கொடுக்க யார் தடை?

‘சங்கம் இருந்து என்ன கண்டோம்?’ என்று பேசுவோருக்கும் இதுவே பதில். 1951-இல் ஊழியர் சேமநிதி வந்தது. 1954-இல் சிதறிக் கிடந்த சங்கங்கள் ஒன்றுகூடித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1955-இல் வேலைச் சட்டம். 1969-இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம். 2013-இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாகத் தொடங்கிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025-இல் 1,700 ரிங்கிட் ஆயிற்று. இது போதுமா? போதாது! ஆனால் ஏறி வந்த படியை எண்ணாதவனுக்கு இனி ஏற வேண்டிய படி மலையாகத் தெரியும். அவனே முதலில் சோர்கிறான். அவனே முதலில் சங்கத்தை விட்டு விலகுகிறான். ஆள் குறைந்த சங்கத்தின் பேச்சை எந்த முதலாளி கேட்பான்?

ஆகவே நாம் சொல்வது இது. கிளைக் கூட்டத்தில் குறைகளைப் பேசுமுன் ஐந்து நிமிடம் ஒதுக்குவோம். அந்த மாதம் யார் என்ன செய்தார் என்று பெயர் சொல்லி, செயலைச் சொல்லி, குறிப்பேட்டில் எழுதுவோம். ‘எல்லாரும் நன்றாக உழைத்தார்கள்’ என்ற பொதுப்பேச்சு வேண்டாம். சோறு பொங்கி, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு நிரைக்கு முதலில் வந்து நிற்கும் தாய்மாரின் பெயர் அதில் இருக்கட்டும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவின் பெயரும், இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து நம்மோடு வாளி சுமப்பவரின் பெயரும் இருக்கட்டும். தவறு கண்டால் தனியே அழைத்துச் சொல்வோம். நல்லது கண்டால் நாலு பேர் கேட்கச் சொல்வோம்.

தோழர்களே! மங்கு நிறைவது சொட்டுச் சொட்டாகத்தான். சொட்டை மதிக்கத் தெரிந்தவன் பால்மரத் தொழிலாளி. உடன் உழைப்பவரின் ஒவ்வொரு நாள் உழைப்பையும் அவ்வாறே மதிப்போமாக!