பெரிய டயர் போட்டால் பாரம் கூடுமா?

காய்கறி, தேங்காய், பூ முதலிய விளைபொருள்களைச் சந்தைக்குக் கொண்டு செல்லப் பல விவசாயிகள் இன்று சொந்தமாகப் பிக்கப் வண்டி வைத்திருக்கிறார்கள். "பெரிய டயராக மாற்றிவிட்டால் இன்னும் பத்து மூட்டை ஏற்றலாம் அல்லவா?" என்று அவர்களில் பலர் கேட்கிறார்கள். ஏற்றக்கூடாது என்பதே என் பதில்.

இந்த எண்ணம் எழுந்ததில் வியப்பில்லை. இரும்புப் பட்டை போட்ட கட்டை வண்டிக்குப் பதிலாக டயர் வண்டி வந்தபோது, அதே ஜோடி மாடுகள் கூடுதல் பாரத்தை எளிதாக இழுத்தன. ஆனால் அங்கே குறைந்தது, சக்கரம் உருள்வதற்கான தடை. பிக்கப் வண்டியின் பார அளவை நிர்ணயிப்பவை அச்சு, ஸ்பிரிங் பட்டை, பிரேக், சட்டம் ஆகியவை. டயரை மாற்றுவதால் இவற்றின் பலம் கூடுவதில்லை. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடையே எல்லை.

பெரிய டயரால் இழப்பும் உண்டு. 215/75 ஆர் 15 என்ற டயரின் விட்டம் சுமார் 704 மி.மீ. அதற்குப் பதில் 235/75 ஆர் 15 போட்டால் விட்டம் 734 மி.மீ. ஆகிறது, அதாவது 4 சதவீதம் அதிகம். மேட்டில் ஏறும் இழுவை அந்த அளவுக்குக் குறையும். மீட்டர் 60 காட்டும்போது வண்டி சுமார் 62½ கி.மீ. வேகத்தில் ஓடும். பிரேக்குக்கும் வேலை கூடும். முன்சக்கரத்தைத் திருப்பும்போது டயர் மட்கார்டில் உரசவும் இடமுண்டு. மேலும், தயாரிப்பாளரின் அளவுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகை பெறுவதிலும் சிக்கல் வரலாம்.

பின் எதைப் பார்த்து வாங்குவது? வண்டிக்குத் தயாரிப்பாளர் அனுமதித்த அளவுகளுக்குள் தேர்ந்தெடுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள பாரக் குறியீட்டைப் பாருங்கள். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோவும், 108 என்றால் 1000 கிலோவும் தாங்கும். பழைய டயரின் குறியீட்டுக்குக் குறைந்ததை வாங்கவே கூடாது. தயாரிப்புத் தேதியைக் காட்டும் நான்கு இலக்கங்களையும் கவனியுங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஒரே அச்சில் ரேடியல் ஒன்றும் நைலான் ஒன்றுமாகக் கலந்து போடுவது கூடாது.

டயரைவிட முக்கியமானது அதனுள் இருக்கும் காற்று. பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்குவது அதுதான். காற்றுக் குறைந்த டயரின் பக்கவாட்டு மடிந்து மடிந்து சூடாகி, கோடையில் பாரத்துடன் ஓடும்போது வெடித்துவிடும். டயரின் இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்றுப் போதவில்லை. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம் என்று அறியலாம். டயரில் அச்சிட்டிருப்பது அந்த டயருக்கான உச்ச அளவு. உங்கள் வண்டிக்குரிய அளவு கதவோரத் தகட்டிலோ கையேட்டிலோ இருக்கும். பாரத்துடன் செல்லும்போது பின்சக்கரத்துக்கு அதிகம் தேவைப்படும். காலையில் வண்டி ஓடுமுன் அளப்பதே சரி. 60 பவுண்டு காற்றுள்ள டயர் 20 டிகிரி சூடேறினால் சுமார் 5 பவுண்டு கூடுதலாகக் காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிடக்கூடாது. ஸ்டெப்னியையும் மறவாமல் அளக்கவும்.

சேற்றில் பிடிப்புக்காகச் சிலர் காற்றை இறக்கி வண்டியை வயலுக்குள் ஓட்டுகிறார்கள். காலி வண்டியானால் உதவும், பாரத்துடன் கூடாது. சாலை ஏறுமுன் மீண்டும் நிரப்பியாக வேண்டும். அதைவிட, ஈரமான வயலில் பிக்கப்பை இறக்காமலிருப்பதே மேல். டயர் மண்ணை அழுத்தும் அழுத்தம் ஏறக்குறைய அதன் காற்றழுத்தத்துக்குச் சமம். 60 பவுண்டு என்பது சதுர செ.மீ.க்கு 4 கிலோவுக்கு மேல். டிராக்டரின் பின்சக்கரத்தில் பெரும்பாலும் 1 கிலோ அளவுதான். இறுகிய மண்ணில் வேரும் இறங்காது, நீரும் இறங்காது. விளைபொருளை டிராக்டர் டிரெய்லரில் வண்டிப் பாதை வரை கொண்டுவந்து மாற்றுவதே நலம்.

தவறு முழுவதும் விவசாயியுடையது அல்ல. வழியில் நம்பத்தகுந்த காற்றுமானி கிடைப்பது அரிது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களிலும் உழவர் சந்தைகளிலும் சோதித்த காற்றுமானியும் காற்றடிக்கும் கருவியும் வைக்க வேண்டும். எடை மேடை விளைபொருளின் விலையைக் காக்கிறது. காற்றுமானி அதைக் கொண்டுவந்தவரின் உயிரைக் காக்கும். அதுவரை ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு காற்றுமானி வாங்கி வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். கூடுதலாக ஏற்றும் பத்து மூட்டையில் கிடைக்கும் வாடகை மிச்சம், ஒரு டயர் வெடித்தால் ஒரே நாளில் போய்விடும்.