கரியில் ஒரு முனைவர் பட்டம்: நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய துறை

முதுகலை முடித்த பிள்ளையிடம் "அடுத்து வேலையா, வளைகுடாவா?" என்றுதான் நம் வீடுகளில் கேட்கிறோம். முனைவர் பட்டம் பேச்சில் வந்தாலும், "இத்தனை வருஷம் சம்பாத்தியம் இல்லாமல் எப்படி?" என்ற கேள்வியோடு முடிந்துவிடுகிறது.

இந்தத் தயக்கத்தை 2022 டிசம்பர் மேலும் கூட்டியது. சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையை 2022-23 முதல் நிறுத்துவதாக ஒன்றிய அரசு மக்களவையில் அறிவித்தது. மற்ற திட்டங்களோடு அது ஒன்றின்மேல் ஒன்றாக அமைகிறது என்பது அரசு சொன்ன காரணம். இழப்பு உண்மையானது. ஆனால் மீதமுள்ள கதவுகளை நாம் தட்டுகிறோமா?

இன்று உலகம் கவனிக்கும் ஒரு துறை பயோசார் எனும் உயிரிக்கரி. பயிர்க்கழிவையும் மரத்தையும் காற்று அதிகம் புகாமல் சூடாக்கினால் கிடைக்கும் கரி இது. அப்படியே எரித்தால் காற்றில் கலந்துவிடும் கார்பனில் ஒரு பகுதி, கரியாக மண்ணில் நீண்ட காலம் தங்குகிறது. காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா.வின் ஐபிசிசி குழு, கார்பனை அகற்றும் வழிகளில் ஒன்றாக இதைப் பட்டியலிட்டுள்ளது. 2025 ஜனவரியில் கூகுள் நிறுவனம், இந்தியாவின் வராகா நிறுவனத்திடம் 1 லட்சம் டன் அளவுக்குப் பயோசார் கார்பன் வரவுகளை வாங்க ஒப்பந்தம் செய்தது.

இதற்கான ஆய்வுக்களம் நம் ஊர்களிலேயே இருக்கிறது. இராமநாதபுரத்தில் சீமைக்கருவேலத்தை மூட்டம் போட்டுக் கரியாக்குவது பழைய தொழில். புகையைக் குறைத்து அதையே உயிரிக்கரியாக மாற்ற முடியுமா? உவர் மண்ணில் அது பயன் தருமா? ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை தோல் பதனிடும் தொழிலில் நம் சமுதாயத்தின் பங்கு பெரிது. பாலாற்றுப் பகுதியின் தோல் கழிவு குறித்து உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்பளித்தது. நீரிலுள்ள குரோமியத்தைப் பற்றி இழுக்கும் தன்மை உயிரிக்கரிக்கு உண்டு. ஆய்வகத்தில் தெரிந்த இதை ஆலைக் கழிவுநீரில் கட்டுப்படியாகும் செலவில் செய்து காட்டுவதுதான் சவால். ஊரை அறிந்த மாணவரே இதற்குப் பொருத்தமானவர்.

வேதியியல், தாவரவியல், வேளாண்மை, சுற்றுச்சூழல் அறிவியல், வேதிப்பொறியியல் படித்த யாரும் இதில் நுழையலாம். நெட் தேர்வில் ஜேஆர்எஃப் பெற்றால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் ரூ.37,000, பிறகு ரூ.42,000 என 2023-ல் உயர்த்தப்பட்டது. வீட்டு வாடகைப்படி தனி. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் முனைவர் ஆய்வே சம்பளத்துடன் கூடிய பணி. பிரிட்டனின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பயோசாருக்கென்றே ஆய்வு மையம் உள்ளது.

ஒன்றைப் பெற்றோர் மறக்கக்கூடாது. ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை, தக்னி முஸ்லிம் பிரிவினர் ஒன்றிய அரசின் ஓபிசி பட்டியலில் உள்ளனர். ஓபிசி மாணவர்களுக்கான தேசிய ஆய்வு உதவித்தொகைக்கும் இவர்கள் போட்டியிடலாம். ஆனால் மாநில அரசின் பிசி முஸ்லிம் சான்றிதழ் இதற்குப் போதாது. கிரீமி லேயரில் இல்லை என்பதைக் காட்டும் ஓபிசி சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும். பிள்ளை முதுகலை முதலாண்டில் இருக்கும்போதே அதை வாங்கி வையுங்கள். நெட் தேர்வுக்கும் அப்போதே தயாராகச் சொல்லுங்கள்.