இந்தப் படம் என்ன விலைண்ணே?

இந்த வாரம் வாட்டர்கலர் பார்ட்டிகளுக்கு. மத்தவங்க அப்படியே பக்கத்தைத் திருப்பிடாதீங்க... உங்க கிளாஸ்லயும் வரையுற ஆள் ஒருத்தர் கண்டிப்பா இருப்பார். அவரை ஓசியில படம் கேட்டு நச்சரிக்கிற ஆள் நீங்களாவே இருக்கலாம்!

ஆத்தூர்ல இருந்து தூத்துக்குடிக்கோ திருச்செந்தூருக்கோ தினம் பஸ் ஏறி காலேஜ் போற ஸ்டூடன்ட்னு உங்களை வச்சுக்குவோம். லீவு நாள்ல தாமிரபரணிப் பாலம், வெற்றிலைக் கொடிக்கால், புன்னக்காயல் படகுன்னு வரைஞ்சு தள்ளுறீங்க. பார்க்கிறவங்க, "அப்படியே போட்டோ மாதிரி இருக்கே"ங்கிறாங்க. (நம்ம ஊர்ல ஓவியத்துக்குக் கிடைக்கிற உச்சபட்ச அவார்டு இதுதான். சண்டை போடாம வாங்கிக்குங்க.) எல்லாம் ஓ.கே. ஆனா, யாராவது ஒருத்தர், "இது என்ன விலை?"ன்னு கேட்டதும் நாக்கு ஒட்டிக்குது. "அட, சும்மா வச்சுக்குங்கண்ணே!"

வீட்டுக்கு வந்த பிறகு புலம்பல். "இந்த ஊர்ல எவன் படம் வாங்குவான்? சென்னைக்குப் போனாத்தான் உண்டு."

அப்படியா? உங்க மாவட்டத்துல இருக்கிற கோவில்பட்டிக்கு ஒரு நடை போயிட்டு வருவோம்.

சி.கொண்டையராஜு. 1898-ல் பிறந்தவர். சென்னையில ஓவியம் படிச்சவர். திருவண்ணாமலை ரமணாசிரமத்துல கொஞ்ச காலம் இருந்துட்டு, நாடகக் கம்பெனிக்கு சீன் திரை வரையப் போனார். 1940-களில் அந்தக் கம்பெனி கோவில்பட்டியில கலைஞ்சு போச்சு. பெட்டியைக் கட்டிக்கிட்டு சென்னைக்கே திரும்பியிருக்கலாம். திரும்பலை. அங்கேயே தங்கிட்டார். அந்தக் கரிசல் ஊர்ல ஆர்ட் கேலரியா இருந்துச்சு? போட்டோ ஸ்டுடியோ இருந்துச்சு. ஸ்டுடியோவுக்குப் பின்னணித் திரை வேணும். கறுப்பு வெள்ளை போட்டோவுக்குக் கலர் ஏத்தணும். பக்கத்துல சிவகாசி. அச்சகங்களுக்கு வருஷா வருஷம் காலண்டருக்கு சாமி படம் வேணும். கொண்டையராஜுவும், டி.எஸ்.சுப்பையா, எம்.ராமலிங்கம் மாதிரியான அவரோட சீடர்களும் வரைஞ்ச முருகனும் லட்சுமியும் தமிழ்நாட்டுல ஏறாத சுவர் குறைவு. உங்க பாட்டி வீட்டுப் பூஜை அறையில பழைய படம் இருந்தா, கீழ்மூலையைத் துடைச்சுப் பாருங்க. சில படங்கள்ல குரு பேரும் சீடர் பேரும் சேர்ந்தே இருக்கும். 1976-ல் இறக்குற வரைக்கும் அவருக்கு அந்த ஊரே போதுமா இருந்துச்சு.

அவங்க போட்டது உங்களை மாதிரி தண்ணியா ஓடுற வாட்டர்கலர் இல்லை, தெரியும். விஷயம் அது இல்லை. ஜனங்க சுவர்ல ஏற்கெனவே ஆணி அடிச்சு வச்சிருந்த இடம் எதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு. அந்த ஆணிக்குப் படம் போட்டார்.

வெளியூர்க்காரங்க கதையும் ஒண்ணு இருக்கு. தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல்னு ரெண்டு இங்கிலீஷ் ஓவியர்கள். சித்தப்பன், மகன் முறை... இல்ல இல்ல, பெரியப்பாவோ சித்தப்பாவோ, எதுவோ ஒண்ணு! 1792-ல் தென்னாடு சுத்தினாங்க. பாபநாசம் அருவியை வரைஞ்சாங்க. உங்க ஊர்ப் பாலத்துக்கு அடியில ஓடுற அதே தாமிரபரணிதான். அது பிறகு லண்டன்ல அச்சுப் படமா வந்துச்சு. சரி, ஊர் சுத்தக் காசு? கல்கத்தாவுல வரைஞ்ச படங்களை 1791-ல் லாட்டரி போட்டு வித்தாங்க. தெற்கே சுத்தி வந்ததும் 1793-ல் மெட்ராஸ்லயும் ஒரு லாட்டரி! (நீங்க இதை டிரை பண்ணிடாதீங்க. 2003-லிருந்து தமிழ்நாட்டுல லாட்டரிக்குத் தடை.) சோழமண்டலம் கதையும் இதே ரூட்தான். 1966-ல் கே.சி.எஸ்.பணிக்கர் தலைமையில ஓவியர்கள் சென்னைக்கு வெளியே நிலம் வாங்கி ஒரு கிராமமே அமைச்சாங்களே, அதுக்குப் பணம் வந்தது பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செஞ்சு வித்துத்தான். பெரிய ஆட்களே கூச்சப்படலை பாஸ்.

இப்போ ஆத்தூருக்கு வாங்க. உங்க ஊர்ல ஆணி எங்கே இருக்கு?

யூட்யூப் பார்த்து வரைஞ்ச பனிமலையும் பைன் மரமும் வேண்டாம். அதை இங்கே யாரும் பார்த்தது இல்லை. சரியா தப்பான்னு சொல்லவும் ஆள் இல்லை. கொடிக்காலை வரைஞ்சு, கொடிக்கால்காரர் ஒருத்தர் கண்ணுல காட்டுங்க. ஆத்தூர் வெற்றிலை 2023-ல் புவிசார் குறியீடே வாங்கிடுச்சு. அவர்கிட்ட உங்க வெற்றிலை பாஸ் மார்க் வாங்குதா பார்ப்போம். அகத்தியில கொடி எப்படிப் படரும், கொழுந்துப் பச்சைக்கும் முத்தின பச்சைக்கும் என்ன வித்தியாசம்னு அவர் சொல்ற குறைக்கு முன்னாடி எந்த ஆர்ட் கிரிட்டிக்கும் நிக்க முடியாது. டியூப்ல இருக்கிற பச்சையை அப்படியே பிதுக்கி வச்சிருந்தா மாட்டிக்குவீங்க. நீலமும் மஞ்சளும் நீங்களே கலந்தாத்தான் தப்பிக்க முடியும். அவர், "இது நம்ம கொடிக்கால்லா!"ன்னு சொல்லிட்டார்னா, அந்தப் படம் பாதி வித்த மாதிரி.

இன்னொண்ணு, பழைய வீடு. இடிச்சுட்டு கான்கிரீட் போடப் போறாங்க. அந்த வீட்டுல பிறந்தவர் சென்னையிலயோ மும்பையிலயோ துபாய்லயோ இருப்பார். திண்ணை, ஓடு, வேப்பமரத்தோட அந்த வீட்டை வரைஞ்சு தரச் சொல்லி அவரே கேட்பார், நீங்க வரையுறது அவர் காதுக்குப் போனா. புது வீடு கிரகப்பிரவேசத்துக்கு சுவர்க்கடிகாரத்தோட கடிகாரமா ஏழு கடிகாரம் வந்து சேருது. அங்கே பழைய வீட்டுப் படம் ஒண்ணு போனா எப்படி இருக்கும்?

விலைக்கு வருவோம். ஓவியத்தோட 'மதிப்பு' பத்தி எல்லாம் யோசிச்சா ராத்திரி தூக்கம் வராது. பேப்பர், கலர், மவுன்ட், ஃப்ரேம் எல்லாத்துக்கும் ஆன காசை எழுதுங்க. எத்தனை நாள் ஆச்சுன்னு எழுதுங்க. உங்க ஊர்ல கொத்தனாருக்கு நாள் கூலி என்னன்னு விசாரிச்சு, அந்தக் கணக்குல நாளைப் பெருக்குங்க. கூட்டினா வர்றதுதான் ஆரம்ப விலை. அதிகமாத் தெரியுதா? சின்ன சைஸ்ல, போஸ்ட்கார்டு அளவுல நாலு படம் சேர்த்து வைங்க. வாங்க ஆசை இருந்தும் கையில காசு கம்மியா இருக்கிறவங்களுக்கு அது. மாமாவுக்கு ஒரு விலை, மத்தவங்களுக்கு ஒரு விலைன்னு மட்டும் வேண்டாம். ஆத்தூர் சின்ன ஊர். சாயந்தரத்துக்குள்ள டீக்கடைக்குத் தெரிஞ்சிடும்.

வித்த படம் மூணு வருஷத்துல வெளுத்துப் போனா அந்தப் பேச்சும் அதே டீக்கடைக்கு வரும், ஞாபகம் இருக்கட்டும். ஃப்ளோரசன்ட் பிங்க் பார்க்க ஜோரா இருக்கும். வெயில் பட்டா முதல்ல ஓடுறது அதுதான். பேப்பர் 300 ஜி.எஸ்.எம். இருந்தா தண்ணிக்கு அவ்வளவா நெளியாது. பருத்தி பேப்பரா இருந்தா பழுப்பேற ரொம்ப நாள் ஆகும். ஃப்ரேம் கடையில கூடவே நில்லுங்க. அவங்க சாமி படத்துக்குப் பண்ணுற மாதிரி கண்ணாடியை நேரா படத்து மேல அழுத்தி, பின்னாடி செய்தித்தாளைத் திணிச்சு மூடிடுவாங்க. கடலோர ஊர், காத்துல ஈரம். கண்ணாடியில படம் ஒட்டும், பூஞ்சை பூக்கும். நடுவுல மவுன்ட் அட்டை வச்சு இடைவெளி விடச் சொல்லுங்க. மீதிப் படங்களை உயரத்துல வைங்க. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல கொட்டின மழையும், தாமிரபரணி கரையோரத்துல ஏறின வெள்ளமும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியது இல்லை. கட்டிலுக்கு அடியில ஃபைல் வைக்கிற பழக்கம் இருந்தா இன்னைக்கே எடுத்துடுங்க.

எங்கே காட்டுறது? கேலரி தேடாதீங்க. ஃப்ரேம் கடைச் சுவர்ல ரெண்டு படம் மாட்டக் கேளுங்க. வித்தா ஃப்ரேம் ஆர்டர் அவருக்குத்தானே. போட்டோ ஸ்டுடியோ, கிளை நூலகம், காலேஜ் கல்ச்சுரல்ஸ் எல்லாமே இடம்தான். படத்துக்குப் பக்கத்துல பேர், சைஸ், விலை எழுதின சின்ன அட்டை கட்டாயம். கேட்கக் கூச்சப்படுறவரும் வாங்குவார். சொல்லக் கூச்சப்படுற நீங்களும் தப்பிச்சீங்க.

கடைசியா ஒரு சட்ட பாயின்ட். காலண்டர் ஓவியருக்கு அச்சகம் ஒரு தடவை காசு கொடுக்கும். காப்பி லட்சக்கணக்குல ஓடினாலும் அவருக்கு அதோட சரி. உங்க விஷயத்துல கொஞ்சம் உஷார். 1957-ம் வருஷ காப்பிரைட் சட்டப்படி, நீங்களா வரைஞ்ச படத்தை வித்தா போறது படம் மட்டும்தான். அதை அச்சடிக்கிற உரிமை உங்ககிட்டயே இருக்கும். நீங்க இறந்து 60 வருஷம் வரைக்கும் உங்க வாரிசுக்கும் உண்டு. எழுத்துல கொடுத்தாலொழிய வேற யாருக்கும் போகாது. ஆனா, ஒருத்தர் காசு கொடுத்து, "எங்க வீட்டை வரைஞ்சு கொடு"ன்னு கேட்டு நீங்க வரைஞ்சா, தனியா ஒப்பந்தம் இல்லாதபட்சத்துல அந்த உரிமை அவருக்கு. அதனால வீட்டு ஆர்டர் எடுக்கும்போதே அட்வான்ஸ் ரசீதுல ஒரு வரி சேர்த்துடுங்க: 'காப்பிரைட் ஓவியருக்கே.' கீழே ரெண்டு பேர் கையெழுத்து, தேதி. ரசீதை போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு, அப்புறமா பென்சிலைச் சீவுங்க.