முதல் காதலும் முதல் புகாரும்

வண்ணார்பேட்டை பேராச்சியம்மன் கோயிலை ஒட்டிய ஆற்றங்கரைக்குச் சில மாதங்களுக்கு முன் ஒரு மாலையில் என் அக்காள் என்னை அழைத்துச் சென்றாள். பிளஸ் 2 படிக்கும் என் மகள், உடன் படிக்கும் மாணவன் ஒருவனை விரும்புகிறாள் என்றாள். மகள் முதலில் தன் அத்தையிடம் சொல்லியிருக்கிறாள். அத்தை என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். வீட்டில் கடைசியாக அறிந்தவன் நான். அப்போது நான் கேட்ட முதல் கேள்வி, "பையன் யார் வீட்டுப் பிள்ளை?" என்பதுதான். மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

திருநெல்வேலியில் இந்தக் கேள்வியின் பொருளை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2025 ஜூலை 27 அன்று, எங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள கே.டி.சி. நகரில், பட்டியலினத்தைச் சேர்ந்த 27 வயது மென்பொருள் பொறியாளர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் நேசித்த பெண்ணின் சகோதரர் காவல் நிலையத்தில் சரணடைந்தார். காவல் துறையில் பணியாற்றிய பெண்ணின் தந்தையும் அவ்வழக்கில் கைதானார். அதைத் தொடர்ந்து, ஆணவக் கொலைகளைத் தடுக்கத் தனிச் சட்டம் குறித்துப் பரிந்துரைக்க, ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என அக்டோபரில் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டது. அதற்கும் முன்னர், 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சக மாணவர்களாலேயே வீடு புகுந்து தாக்கப்பட்டார். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, மாணவர்கள் கைகளில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டுவதற்குத் தடை கோரியது. 'யார் வீட்டுப் பிள்ளை' என்ற கேள்வியைப் பிள்ளைகள் பெரியவர்களிடமிருந்தே கற்றுக்கொள்கிறார்கள். என் மகளும் அன்று அதை என்னிடமிருந்து கேட்டிருப்பாள், அவள் அருகில் இருந்திருந்தால்.

அன்றிரவு உறவினர் ஒருவர் தொலைபேசியில் யோசனை சொன்னார். "மகளிர் காவல் நிலையத்தில் ஒரு புகார் கொடுங்கள், பையன் தானாக ஒதுங்கிவிடுவான்." அது எனக்கு நியாயமாகவே பட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. பாதுகாப்பின் பெயரில் செய்யும் எதுவும் பெற்றோருக்கு அன்பாகவே தோன்றும். அந்தப் புகார் எங்கே கொண்டுபோய் விடும் என்று பிறகுதான் படித்துப் பார்த்தேன்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. 1940 முதல் 16 ஆக இருந்த இசைவு வயதை அது 18 ஆக உயர்த்தியது. 18 வயது நிறையாதவரின் சம்மதத்தை இச்சட்டம் சம்மதமாகவே ஏற்பதில்லை. உடலுறவு நிறுவப்பட்டால், வயதுவந்த ஆணுக்குக் குறைந்தது 10 ஆண்டு சிறை. பெண் 16 வயதுக்கு உட்பட்டவர் என்றால் 20 ஆண்டு. பையனும் 18 வயதுக்கு உட்பட்டவன் என்றால் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிற்க வேண்டும். 17 வயதுச் சிறுமியைச் சீரழிக்கும் கொடியவனுக்கும், அவளை நேசிக்கும் வகுப்புத் தோழனுக்கும் சட்டத்தின் வாசலில் வேறுபாடு இல்லை.

அந்த வாசலுக்கு யார் அழைத்துப் போகிறார்கள்? 2016 முதல் 2020 வரை அசாம், மகாராஷ்டிரம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களின் சிறப்பு நீதிமன்றங்கள் அளித்த 7,064 தீர்ப்புகளை எனஃபோல்டு என்ற பெங்களூரு அமைப்பு ஆராய்ந்தது. அவற்றில் 1,715 வழக்குகள், அதாவது ஏறத்தாழ நான்கில் ஒன்று, காதல் உறவு சார்ந்தவை. அந்தக் காதல் வழக்குகளில் ஐந்தில் நான்கு, பெண்ணின் பெற்றோரோ உறவினரோ கொடுத்த புகாரில் தொடங்கியவை. நூற்றுக்கு 93க்கும் மேற்பட்டவை விடுதலையில் முடிந்தன. தண்டனை கிடைப்பதில்லை என்பதால் துன்பம் இல்லை என்று பொருளல்ல. மருத்துவப் பரிசோதனை, காப்பகம், வாக்குமூலம், சாட்சிக் கூண்டு என அந்தப் பெண்ணின் படிப்பும் பெயரும் கரைந்த பிறகே விடுதலை வருகிறது.

ஈரோட்டு வழக்கு ஒன்றில், புகார் கொடுத்த தாயே மகளுடன் சேர்ந்து, அதை ரத்து செய்யக் கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுக நேர்ந்தது. 2021 ஜனவரியில் அதை ரத்து செய்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், வளரிளம் பருவத்தினரின் உறவுகளைத் தண்டிப்பது இச்சட்டத்தின் நோக்கம் அல்ல என்று சுட்டிக்காட்டினார். கோபத்தில் கொடுக்கும் புகாரைத் தாய் நினைத்தாலும் எளிதில் திரும்பப் பெற முடியாது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இசைவு வயதைக் குறைக்க வேண்டாம் என்றே இந்தியச் சட்ட ஆணையம் 2023 செப்டம்பரில் அளித்த 283ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. 16 முதல் 18 வயதினர் வழக்குகளில் மட்டும் நீதிபதிக்கு வரையறுக்கப்பட்ட விருப்புரிமை தரலாம் என்றது. காதல் என்ற பெயரில் சிறுமிகள் கடத்தப்படுவதும், மூத்த ஆண்களால் ஏமாற்றப்படுவதும் நடக்கவே செய்கின்றன. ஒரு தந்தையாக எனக்கும் அந்த அச்சம் உண்டு. ஆகவே சட்டம் தேவையில்லை என்று நான் வாதாட வரவில்லை. ஒரே வகுப்பில் படிக்கும் இருவரின் ஈர்ப்பையும் ஒரு வன்முறையையும் வேறுபடுத்தி அறியக்கூடிய முதல் ஆள், குழந்தையுடன் ஒரே வீட்டில் வாழும் பெற்றோர். அந்தப் பொறுப்பை நாம் காவல் துறைக்குக் கைமாற்றிவிடுகிறோம்.

மேற்கு வங்க வழக்கொன்றில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுவே. 14 வயதில் வீட்டை விட்டுச் சென்ற சிறுமி அவள். சமூகம் அவளை எடைபோட்டது, சட்ட அமைப்பு தவறியது, குடும்பம் அவளைக் கைவிட்டது என்று வேதனையுடன் குறிப்பிட்ட நீதிமன்றம், குற்றம் நிரூபணமான அந்த ஆணுக்குத் தண்டனை விதிக்காமல் விட்டது. அக்குடும்பத்தை நீடிக்க விடுவதே அப்போது அவளுக்குச் செய்யக்கூடிய நீதி என்று கருதியது. குடும்பம் கைவிட்டது என்ற சொல்லில்தான் நான் நின்றுவிட்டேன்.

நம் அக இலக்கிய மரபு இதை அறியாததல்ல. மகளின் மாற்றத்தை ஐயுற்ற தாய் அவளை வீட்டுக்குள் அடைப்பதற்கு 'இற்செறிப்பு' என்று பெயர். கைப்பேசியைப் பறிப்பதும், தனிப்பயிற்சி வகுப்பை நிறுத்துவதும் அதன் இக்கால வடிவங்கள். அதே மரபு, மறைந்திருந்த காதல் முறையாக வெளிப்படுவதை 'அறத்தொடு நிற்றல்' என்றது. தலைவி தோழியிடமும், தோழி செவிலியிடமும், செவிலி நற்றாயிடமும், நற்றாய் தந்தையிடமும் சொல்வது அதன் வரிசை. ஒவ்வொரு படியிலும் கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தார் என்பதே அதில் நான் காணும் சிறப்பு. என் வீட்டில் அத்தை செவிலியாக நின்றாள். அவள் இல்லாதிருந்தால், இச்செய்தி அக்கம்பக்கத்தார் வாயிலிருந்து வந்திருக்கும். அப்போது நான் என்ன செய்திருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"இது காதல் அல்ல, வெறும் இனக்கவர்ச்சி" என்று சொல்லிவிடுவது எளிது. அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதை அனுபவிப்பவளுக்கு அந்த வேறுபாடு விளங்காது. விளங்க வேண்டிய அவசியமும் அப்போது இல்லை. மறுநாள் மாலை மகளை ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்றேன். அவன் குடும்பத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தேர்வு முடியும்வரை எதையும் மறைக்காமல் இருக்கலாமா, யாராவது வற்புறுத்தினால் முதலில் எங்களிடம் சொல்வாயா என்ற இரண்டை மட்டும் கேட்டேன். அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா, அவனை ஏதும் செய்துவிட மாட்டீர்களே?" என்றாள். தன் தந்தையைப் பற்றி ஒரு 17 வயதுப் பெண்ணுக்கு அந்த ஐயம் வந்ததுதான் இந்த ஊரின் செய்தி.

இசைவு வயது 16 ஆக வேண்டுமா, 18 ஆக நீடிக்க வேண்டுமா என்பதை நாடாளுமன்றமும் நீதிமன்றங்களும் முடிவு செய்யட்டும். ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் வர வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எந்தச் சட்டமும் ஒரு பிள்ளையிடம், "உன்னால் எங்களிடம் சொல்ல முடியும்" என்று கூறாது. அதைக் கூற வேண்டியவர்கள் நாம். பள்ளிதோறும் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர், உயிரியல் பாடத்துக்கு அப்பால் உறவுகளைப் பேசும் வகுப்பு, பெற்றோர் கூட்டங்களில் மதிப்பெண்ணோடு இதற்கும் ஒரு மணி நேரம் ஆகியவை அரசு செய்யக்கூடியவை. வீட்டில் நாம் செய்யக்கூடியது, முதல் கேள்வியை மாற்றிக்கொள்வது. "யார் வீட்டுப் பிள்ளை?" என்பதற்கு முன், "நீ நலமாக இருக்கிறாயா?" என்று கேட்கும் வீடுகள் பெருகினால், கே.டி.சி. நகர்கள் குறையும்.