மிஸ்டர் ரைஸின் பயம்

அமெரிக்கர்கள் ஆடும் ஃபுட்பாலில் ஃபுட்டுக்கு வேலை ரொம்பக் குறைவு. பந்தும் உருண்டை இல்லை. இரண்டு முனையும் கூராக இருக்கும். கீழே விழுந்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்று அதற்கே தெரியாது. தலையில் ஹெல்மெட், தோளில் தலையணை சைஸில் கவசம் என்று புறப்பட்டு வந்து, ஐந்தாறு செகண்ட் முட்டி மோதிக்கொள்கிறார்கள். உடனே நிறுத்திவிட்டு வட்டமாகக் கூடி நின்று குசுகுசுவென்று பேசுகிறார்கள். பிறகு மறுபடி மோதல். பாதி நேரம் மீட்டிங், மீதி நேரம் அடிதடி. ஆபீஸ் போகிறவர்களுக்குச் சட்டென்று புரிந்துவிடக்கூடிய விளையாட்டு.

கணக்கு சுலபம். 100 கெஜ மைதானம். நான்கு வாய்ப்புக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் இன்னும் நான்கு வாய்ப்பு. இல்லையென்றால் பந்து எதிராளிக்கு. கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் டச் டவுன். 6 பாயின்ட்.

பந்தை வீசுகிறவர் குவார்ட்டர்பேக். புகழ், பணம், ஷாம்பு விளம்பரம் எல்லாம் பெரும்பாலும் அவருக்குத்தான். நான் சொல்ல வந்தது, அதை ஓடிப்போய்ப் பிடிக்கிற ஆசாமியைப் பற்றி. வைட் ரிசீவர் என்று பெயர். மைதானத்தின் ஓரத்தில் தனியாக நிற்பார். இத்தனை கெஜம் ஓடு, இந்த இடத்தில் சடாரென்று திரும்பு என்று முன்கூட்டியே பாதை போட்டுக் கொடுத்திருப்பார்கள். பல சமயம் அவர் திரும்புவதற்கு முன்பே பந்து கிளம்பிவிடும். திரும்பும்போது மூக்குக்கு முன்னால் பந்து. முதுகுக்குப் பின்னால், அவரைச் சாய்ப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் ஒரு தடியர். பிடித்தால் கைதட்டல். விட்டால் மொத்த ஸ்டேடியமும் சேர்ந்து 'ஊ' போடும்.

இந்த உத்தியோகத்தை 20 சீசன் பார்த்தவர் ஜெர்ரி ரைஸ். நம் வாயில் சுலபமாக நுழையும் பெயர் என்பதால் ஞாபகம் வைத்துக்கொள்வதில் சிரமம் இருக்காது.

1962-ல் மிஸிஸிப்பி மாநிலத்தில் பிறந்தவர். அப்பா கொத்தனார். லீவு நாட்களில் பையன்களும் சித்தாள் வேலைக்குப் போக வேண்டும். ஜெர்ரி சாரத்தின் மேல் நிற்பார். கீழேயிருந்து செங்கல்லை வீசுவார்கள். விட்டால் காலில் விழும் என்பதால் பிடிக்கிற பழக்கம் சீக்கிரமே வந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் ஒருநாள் வகுப்புக்கு மட்டம் போட்டுத் திரிந்தபோது, வைஸ் பிரின்ஸிபால் ஓசைப்படாமல் பின்னால் வந்து நின்றார். ஜெர்ரி எடுத்த ஓட்டத்தைப் பார்த்து மனிதர் அசந்துபோய், நேரே ஃபுட்பால் கோச்சிடம் போய்ச் சொன்னார். மட்டம் போட்டதற்குத் தண்டனையும் கிடைத்தது, டீமில் இடமும் கிடைத்தது.

கல்லூரி, மிஸிஸிப்பி வேலி ஸ்டேட். கறுப்பின மாணவர்களுக்காக ஏற்பட்ட சின்னக் கல்லூரி. அங்கே அவருக்குப் பட்டப்பெயர் 'வேர்ல்ட்'. இந்த உலகத்தில் அவர் பிடிக்க முடியாத பந்தே கிடையாதாம். 1984 சீசனில் மட்டும் 27 டச் டவுன். அந்த வருஷம் ஒரு மேட்சுக்காக ஹூஸ்டன் போயிருந்த ஸான் ஃபிரான்ஸிஸ்கோ கோச் பில் வால்ஷ், ராத்திரி ஹோட்டல் அறையில் டி.வி.யைப் போட, அதில் ரைஸ் ஓடிக்கொண்டிருந்தார். வால்ஷுக்குத் தூக்கம் போயிற்று.

ஒவ்வொரு வருஷமும் கல்லூரிப் பையன்களை டீம்கள் வரிசைப்படி பொறுக்கி எடுத்துக்கொள்ளும். வால்ஷ் இன்னொரு டீமிடம் பேரம் பேசி, க்யூவில் முன்னால் வந்து, 1985-ல் ரைஸை எடுத்தார். பதினாறாவது ஆள். அவருக்கு முன்பே இரண்டு ரிசீவர்களை மற்றவர்கள் எடுத்தாகிவிட்டது. பையன் வேகம் போதாது என்று பேச்சு. 40 கெஜம் ஓட 4.7 செகண்ட் ஆகிறதாம். வைஸ் பிரின்ஸிபால் துரத்தாததுதான் காரணமோ என்னவோ.

முதல் வருஷம் 'வேர்ல்ட்' பந்தை விட்டார். திரும்பத் திரும்ப விட்டார். சொந்த ஊர் ஜனங்களே 'ஊ' போட்டார்கள். செங்கல்லைப் பிடித்த கைக்குத் தோல் பந்து நிற்கவில்லை. டிசம்பரில் ஒரு மேட்சில் 241 கெஜம் எடுத்த பிறகுதான் அந்தச் சத்தம் அடங்கியது. வெளியேதான் அடங்கியது. அவருக்குள் அது கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இல்லாவிட்டால் அந்தக் குன்று விஷயம் புரியாது. ஸான் ஃபிரான்ஸிஸ்கோவுக்குத் தெற்கே ஸான் கார்லோஸ் பக்கம் செங்குத்தான மலைப்பாதை ஒன்று. சுமார் நான்கு கிலோமீட்டர். மற்றவர்கள் லீவில் கடற்கரையில் காலை நீட்டிக்கொண்டிருந்தபோது ரைஸ் அதில் ஏறி ஓடினார். கூடப் போன இளசுகள் பாதி வழியில் உட்கார்ந்து வாந்தி எடுத்த கதைகள் உண்டு. பிராக்டீஸில் 5 கெஜத்துக்கு ஒரு பந்தைப் பிடித்தாலும் நிற்க மாட்டார். கோடு வரைக்கும் ஓடிவிட்டுத்தான் திரும்புவார்.

1987-ல் 12 மேட்சில் 22 டச் டவுன். 1989 ஜனவரியில் ஸூப்பர் பௌல் என்கிற ஃபைனலில் 215 கெஜம், ஆட்ட நாயகன். 1990, 1995-ல் மறுபடியும் சாம்பியன். 1994-ல் ஜிம் பிரவுனின் 126 டச் டவுன் சாதனையைத் தாண்டினார். மொத்தம் 1,549 பிடி, 208 டச் டவுன், 22,895 கெஜம். இரண்டாவது இடத்தில் இருக்கும் லாரி ஃபிட்ஜெரால்ட் எடுத்தது 17,492 கெஜம்.

22,895 கெஜம் என்பது சுமார் 21 கிலோமீட்டர். ஒரு காலை நேரத்தில் நடந்தே போய்விடலாம். வழியெல்லாம் ஆள் நிறுத்திக் கீழே தள்ளுவார்கள் என்பதுதான் சங்கடம்.

நான் பி.காம். தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. மெஷினை வாங்கிய நாளிலிருந்து வருஷா வருஷம் மதிப்பைக் குறைத்து எழுதிக்கொண்டே வரவேண்டும். ஃபுட்பால்காரர்களுக்கு அது வேகமாகவே நடக்கும். பலருக்கு மூன்று நான்கு சீசனில் மதிப்பு பூஜ்யம். ரைஸுக்கு 1997-ல், சீசனின் முதல் மேட்சிலேயே முழங்கால் தசைநார் அறுந்தது. வயது 34. அதே டிசம்பரில் திரும்பி வந்தார். ஒரு டச் டவுன் பிடித்தார். பிடித்து விழுந்ததில் முழங்கால் சில்லு உடைந்தது. அடுத்த வருஷம் 16 மேட்சும் ஆடினார். எனக்கு முப்பத்தைந்து. மூன்றாவது மாடி ஏறினால் கைப்பிடிச் சுவரைத் தேடுகிறேன்.

2001-ல் எதிர்க்கரையிலிருக்கும் ஓக்லண்ட் டீமுக்குப் போனார். நாற்பதைத் தொட்ட 2002 சீசனில் 92 பிடி, 1,211 கெஜம். அந்த ஸூப்பர் பௌலில் ஒரு டச் டவுன் அடித்தும் டீம் தோற்றது. 2004-ல் ஸியாட்டில். 2005-ல் டென்வர் பயிற்சி முகாம். அங்கே ரிசீவர் வரிசையில் பின்னால் நிற்கச் சொன்னார்கள். செப்டம்பரில் ஓய்வு.

2006-ல் பழைய டீம் அவரை மரியாதைக்காகக் கூப்பிட்டு ஒரு நாள் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியது. தொகை 1985806.49 டாலர். கணக்குப் பிள்ளைகள் கவனிக்கவும்: 1985 சேர்ந்த வருஷம், 80 சட்டை நம்பர், 06 அந்த வருஷம், 49 டீமின் பெயர். காகிதத்தோடு சரி, காசு கைமாறவில்லை. நான் பார்த்ததிலேயே அழகான பொய்க் கணக்கு இதுதான்.

உழைப்பே உயர்வு என்று மைக் பிடிக்கிறவர்களுக்கு ரைஸ் ஒரு வரப்பிரசாதம். புரொஜக்டரில் படம் போட்டுக் குன்றுக் கதையைச் சொல்வார்கள். நாமும் மறுநாள் காலை ஐந்து மணிக்கு அலாரம் வைப்போம். ஆனால் கதையை அவர்கள் குன்றின் உச்சியிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

மிச்சத்தை 2010-ல் ரைஸே சொன்னார். ஹால் ஆஃப் ஃபேம் கௌரவத்தை ஏற்றுக்கொண்ட மேடையில், வாழ்நாள் முழுக்கத் தன்னை ஓட்டிய எஞ்சின் தோல்வி பயம்தான் என்றார். ஒரே ஒரு வருத்தம், இதையெல்லாம் அனுபவிக்க நேரம் ஒதுக்கவில்லை என்றார். உச்சத்தில் நின்ற 20 வருஷத்தையும் அவர் பின்னால் யாரோ துரத்துகிற மாதிரியே ஓடித் தீர்த்திருக்கிறார்.

பயம் நல்ல எஞ்சின்தான். ப்ரமோஷனுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு எட்டு மணி வரை ஸீட்டில் உட்காரும் நண்பர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதில் பிரேக் கிடையாது, அவ்வளவுதான்.

208 டச் டவுன் அடித்தாரே, ஏதாவது ஒன்றுக்குப் பிறகு கோட்டுக்கு அந்தப் பக்கம் புல்லில் ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருக்கலாம். ஆட்டத்தைத் தாமதம் செய்ததாக ரெஃப்ரி 5 கெஜம் அபராதம் போட்டிருப்பார். போடட்டுமே. 22,895-ல் ஐந்து போனால் எந்த ஆடிட்டர் கேட்கப்போகிறார்?