மனமகிழ் மன்றமா, மடியவிழ் மன்றமா?

மன்றம் என்றொரு சொல் தமிழிலே உண்டு. ஊர் கூடி வழக்குத் தீர்த்த இடத்துக்கு அந்தப் பெயர். பின்னாளிலே நமது இயக்கம் அந்தச் சொல்லை எடுத்தது. ஓலைக் கூரையின் கீழே நாலு நாளிதழை விரித்து, மன்றம் என்றது, படிப்பகம் என்றது. நெசவாளி வந்தான், ஆலைத் தொழிலாளி வந்தான். ஒருவன் உரக்கப் படிக்க ஒன்பது பேர் கேட்டார்கள். நாட்டை அறிந்தார்கள், தம்மையும் அறிந்தார்கள். அந்தச் சொல்லுக்கு முன்னாலே இன்று "மனமகிழ்" என்று ஒட்டுப் போட்டு, பலகை எழுதி மாட்டி, உள்ளே சீட்டுக்கட்டைப் பிரிக்கிறார்கள்! மகிழ்வது யார் மனம்? அவிழ்வது யார் மடி?

இராசபாளையம் உழைப்பாளிகளின் ஊர். நூற்பாலையிலே ராட்டு மாறி ராட்டு, இரவு பகல் பாராது கதிர் சுழல்கிறது. பக்கத்துச் சத்திரப்பட்டியிலே நெய்கிற பேண்டேஜ் துணி எங்கெங்கோ உள்ள மருத்துவமனைகளில் எவரெவர் புண்ணையோ கட்டுகிறது. திருவில்லிபுத்தூரோ தறிக்கும் பால்கோவாவுக்கும் பேர் பெற்றது. பஞ்சுத் தூசியை விழுங்கி ஈட்டிய காசு, அடுப்படி அனலிலே வெந்து ஈட்டிய காசு, அது எங்கே போகிறது? காசு வைத்துச் சீட்டாடியவர்கள் கைது என்ற செய்தியை மாவட்டப் பக்கத்திலே அடிக்கடி படிக்கிறோம். படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறோம். பிடிபட்டவன் தண்டம் கட்டுகிறான். சில நாளிலே மேசை மறுபடி நிறைகிறது.

"சூதாட்டமா? இல்லையே, இது திறமை ஆட்டம்! சங்கமாகப் பதிவு செய்திருக்கிறோம்!" என்று வாதாட வருவார்கள். ரம்மி பெரிதும் திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967-இல் ஆந்திர வழக்கொன்றிலே சொன்னது உண்மை. அந்தப் பாதியை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்! ஆட்டத்திலிருந்து இடம் நடத்துவோன் ஆதாயம் எடுப்பதற்குச் சான்று இருந்தால் அது குற்றமாகலாம் என்பதும் அதே தீர்ப்பிலே இருக்கிறது. கலைஞர் ஆட்சி 1974-இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் செய்தபோதும், அது நீதிமன்றம் ஏறி, 1996-இல் "குதிரைப் பந்தயமும் திறமையே" என்ற தீர்ப்போடு திரும்பிற்று. திறமை, திறமை! அவ்வளவு திறமை படைத்தவன் அடகுக் கடை வாசலிலே ஏன் நிற்கிறான், தோழர்களே?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு பேர் உட்காருகிறார்கள்; ஆளுக்கு 500 ரூபாய், ஆக 3,000. ஆட்டத்துக்கு 100 ரூபாய் இடத்துக்காரன் எடுத்துக்கொள்கிறான் என்று வைத்துக்கொள்வோம். இருபது ஆட்டம் முடிகிறபோது 2,000 ரூபாய் அவன் பெட்டியிலே. மீதி 1,000-க்கு ஆறு பேர் அடித்துக்கொள்ள வேண்டும். சீட்டைத் தொடாதவன், கலைக்காதவன், ஒருநாளும் தோற்காதவன் அந்த ஒருவன்தான்!

வாலிபன் முதல் நாளே ஆட வருவதில்லை. தேநீர் வாங்கித் தர வருகிறான். தோளுக்குப் பின்னாலே நின்று வேடிக்கை பார்க்கிறான். "ஒரு கை குறையுதடா தம்பி, சும்மா உட்காரு" என்று ஒருவர் அழைப்பார். முதல் வாரம் நூறோ இருநூறோ கிடைக்கும். அதுதான் தூண்டில் புழு. முன்பெல்லாம் சம்பளக் கவர் வீடு வந்து சேரும் வழியிலே வழிப்பறி நடக்கும். இன்று அந்தச் சிரமமும் இல்லை. சம்பளம் வங்கிக் கணக்கிலே விழுகிறது. கைப்பேசியைத் தட்டினால் மறுநொடி அடுத்தவன் கணக்குக்கு ஏறிவிடுகிறது. தீர்ந்தால் கடன் கொடுக்க ஆளும் அருகிலேயே இருப்பான். வண்டியின் ஆர்.சி. புத்தகம் போகும், அக்காள் ஆலையிலே நின்று நின்று சேர்த்த சங்கிலி போகும். கந்துவட்டிக்குத் தடைச் சட்டம் 2003-இலேயே வந்துவிட்டது. ஆனால் சூதிலே பட்ட கடனுக்கு எவன் காவல் நிலையம் போய் முறையிடுவான்? அந்த வெட்கம்தான் வட்டிக்காரனுக்கு ஈடு.

சீட்டு மட்டுமா? மூன்று நம்பர் லாட்டரி வேறு. கேரளத்திலே பரிசுச்சீட்டு 1967 முதல் சட்டப்படி நடக்கிறது. அங்கே குலுக்கலில் விழும் எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தை வைத்து இங்கே கள்ளத்தனமாகப் பந்தயம். ஆயிரம் எண்ணிலே ஒன்று! 2019 டிசம்பரிலே விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளியின் குடும்பம், மூன்று பெண் குழந்தைகளோடு ஐந்து உயிர், இந்த மூன்று எண்ணுக்குப் பலியாயிற்று. தமிழ்நாட்டிலே அரசுப் பரிசுச்சீட்டு 1968-இல், அண்ணா ஆட்சியிலே வந்தது. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்றார்கள். 1975-இல் கலைஞர் நிறுத்தினார். பிறகு மீண்டும் வந்து, 2003-இல் அம்மையார் ஆட்சியிலே எல்லா லாட்டரிக்கும் தடை விழுந்தது. இப்போது நடப்பதோ விழுந்தாலும் விழாவிட்டாலும் தரகன் வீட்டுக்கு!

வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு அடுத்த அதிகாரமாகச் சூதை வைத்தார், அதற்கடுத்து மருந்து. நம்மூர் மன்றங்களிலே மது உரிமமும் பெற்று முதலிரண்டையும் ஒரே கூரையின் கீழே வைப்பவர்கள் உண்டு. மருந்துச் செலவு மட்டும் வீட்டுப் பெண்கள் தலையிலே. (தருமபுத்திரர் ஆடவில்லையா என்று ஒரு புராணப் பிரியர் கேட்டார். ஆடினார், மனைவியைத் தோற்றார். அதுவா உங்கள் சான்று, ஐயா?)

கைப்பேசிச் சூதாட்டத்துக்கு எதிராகத் தமிழ்நாடு போராடியது. ஆளுநர் திருப்பி அனுப்பிய மசோதாவை 2023 மார்ச்சிலே சட்டமன்றம் மறுபடியும் நிறைவேற்றியது, ஏப்ரலிலே சட்டமாயிற்று. 2025 ஆகஸ்டிலே நாடாளுமன்றமும் பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளுக்குத் தடைச் சட்டம் செய்தது. கையிலிருக்கும் கண்ணாடிக்குள்ளே ஆடினால் குற்றம்; பலகை மாட்டிய மாடியிலே ஆடினால் மனமகிழ்ச்சியா?

கழகத் தோழர்களுக்கு ஒரு சொல். இத்தகைய மன்றத்தின் திறப்பு விழாத் தட்டியிலே எந்தக் கொடியும் பறக்கலாம். நமது கொடி பறக்கக்கூடாது. "நம்ம ஆள் நடத்துகிறார், விட்டுவிடுங்கள்" என்று காவல் நிலையத்துக்குப் பேசுகிறவர் நம்ம ஆள் அல்லர், ஆட்சி எவருடையதானாலும்! பதிவு பெற்ற சங்கம் என்றால் ஆண்டுக் கணக்கை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். அந்தக் கணக்கைத் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள்: உறுப்பினர் எத்தனை பேர், வருமானம் எதிலிருந்து, மேசைக்கு என்ன வாங்குகிறார்கள்? பதில் வந்தாலும் வராவிட்டாலும், திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளிலே விருதுநகர் ஆட்சியரிடம் மனுவாகக் கொடுங்கள். தனியாகப் போகவேண்டாம், சங்கிலியை இழந்த அந்த அக்காளையும், அவரைப் போன்ற பத்துத் தாய்மார்களையும் முன்னே நிறுத்திப் போங்கள்.