கியாரண்டி என்றால் என்னவென்று எங்களைக் கேளுங்கள்

வங்கிக்காரனிடம் வந்து "கியாரண்டி" என்ற வார்த்தையைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பி.காம். படிக்கும்போது மெர்க்கண்டைல் லா பேப்பருக்காக நெட்டுரு போட்டது இன்னும் மறக்கவில்லை. 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 126. கடன் கொடுத்தவன், கடன் வாங்கியவன், "இவன் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன்" என்று கையெழுத்துப் போடுகிற மூன்றாவது ஆள். காரியம் கெட்டுப்போனால் தன் கைக்காசைப் போடுகிறவன் ஒருத்தன் உள்ளே இருந்தால்தான் அதற்குப் பெயர் கியாரண்டி.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பன்னிரண்டாவது முடிக்கும் நம் பிள்ளைகளுக்கு அனுப்புகிற "கியாரண்டீட் டிரான்ஸ்ஃபர்" கடிதத்தில் அந்த மூன்றாவது ஆளைத் தேடிப் பாருங்கள். கிடைக்க மாட்டார். கடிதத்தின் சாரம் இவ்வளவுதான்: இந்த வருஷம் உனக்கு இடமில்லை. வேறு எங்காவது முதல் வருஷம் படி. நாங்கள் சொல்லும் பாடங்களை எடு, நாங்கள் சொல்லும் கிரேடு வாங்கு. அப்புறம் இரண்டாம் வருஷம் இங்கே வரலாம். கார்னெல்லில் இதற்கு டிரான்ஸ்ஃபர் ஆப்ஷன் என்று பெயர். "ஆப்ஷன்" என்றாவது சொல்கிறார்களே, அந்த மட்டும் நாணயம்.

இதற்கு ஒரு ஒன்றுவிட்ட தம்பியும் உண்டு. சேர்த்துக்கொள்கிறோம், ஆனால் எல்லோரோடும் சேர்ந்து வராதே, நாலைந்து மாசம் கழித்து வா என்பது. மிடில்பரி கல்லூரியில் ஒரு கூட்டம் பிப்ரவரியில்தான் உள்ளே வருகிறது. பாஸ்டன் நார்த்ஈஸ்டர்னில் 2007 முதல் என்.யூ.இன் என்று ஒரு திட்டம். முதல் செமஸ்டரை வேறொரு நாட்டில் படித்துவிட்டு ஜனவரியில் பாஸ்டன் வர வேண்டும்.

மும்பையிலிருந்து லீவுக்கு ஊருக்குப் போகிற நமக்கு இது புரியாத விஷயமா என்ன? ஆர்.ஏ.சி. டிக்கெட்தான். முழுக் காசு, அரைப் படுக்கை. சோலாப்பூர் தாண்டியும் டி.டி.இ. முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஆனால் ரயில்வேக்காரன் மேல். அதே வண்டியிலாவது ஏற்றிக்கொள்கிறான். இவர்கள் "நீ வேறு வண்டியில் குண்டக்கல் வரைக்கும் வா, ஒழுங்காக வந்திருந்தால் அங்கே எங்கள் வண்டியில் ஏற்றிக்கொள்கிறோம்" என்கிறார்கள். அந்த வேறு வண்டிக்கும் முழு டிக்கெட் நீங்கள்தான் எடுக்க வேண்டும் :-)

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? பேலன்ஸ் ஷீட் படிக்கத் தெரிந்தவர்களுக்குச் சட்டென்று புரியும். அமெரிக்கக் கல்லூரிகளைப் பற்றி நாம் பார்க்கிற கணக்கெல்லாம் — எத்தனை பேரில் எத்தனை பேரைச் சேர்த்தார்கள், எஸ்.ஏ.டி. மதிப்பெண் என்ன, எத்தனை சதவீதம் பேர் பட்டம் வாங்கினார்கள் — பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் முதல்முறையாகச் சேரும் மாணவர்களை வைத்துப் போடுகிற கணக்கு. ஜனவரியில் வருகிறவன் அந்தக் கணக்கில் இல்லை. இரண்டாம் வருஷம் மாறி வருகிறவனும் இல்லை. ஆனால் இரண்டு பேரின் ஃபீஸும் வரவுப் பத்தியில் முழுசாக இருக்கிறது. எங்கள் தொழிலில் இதற்கு ஆஃப் பேலன்ஸ் ஷீட் ஐட்டம் என்று பெயர். மார்ச் 31ஆம் தேதி கண்ணில் படாமல் இருக்க வேண்டியதை ஏப்ரல் முதல் வாரம் கொண்டுவருகிற கலையை நாங்களும் அறிவோம்.

யு.எஸ். நியூஸ் பத்திரிகை தன் தரவரிசையில் சேர்க்கை விகிதத்துக்குக் கொடுத்து வந்த மதிப்பை 2018இல் எடுத்துவிட்டது என்று ஒரு வாதம் வரும். உண்மைதான். தரவரிசையிலிருந்து எடுத்தார்கள், நம் மனசிலிருந்து எடுக்கவில்லையே. "அங்கே நூற்றுக்கு அஞ்சு பேரைத்தான் எடுக்கிறானாம்" என்பதுதான் இன்றைக்கும் செம்பூர் சேடா நகர் முருகன் கோவில் வாசலில் செருப்பு மாட்டும்போது பேசுகிற பேச்சு.

காலி இடம் எப்படி வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் வருஷம் முடிந்ததும் சிலர் படிப்பை விடுகிறார்கள், சிலர் வேறு கல்லூரிக்குப் போகிறார்கள், சிலர் வெளிநாட்டுக்கு ஒரு செமஸ்டர் போகிறார்கள். ஹாஸ்டலில் கட்டில் காலி. வகுப்பில் நாற்காலி காலி. அதை நிரப்ப நினைப்பது தப்பில்லை, ஓட்டல்காரன்கூட அதைத்தான் செய்கிறான். ஆனால் அவன் காலி அறையைக் குறைந்த வாடகைக்கு விடுவான். இங்கே தள்ளுபடி கிடையாது. பெரும்பாலான இடங்களில் மெரிட் ஸ்காலர்ஷிப் முதல் வருஷம் சேருகிறவர்களுக்குத்தான். பின்னால் வருகிறவனுக்கு, அதிலும் வெளிநாட்டு மாணவனுக்கு, மிஞ்சுவது ரொம்பக் கொஞ்சம்.

இப்போது என் மேஜைக்கு வருகிறேன். ஐ.பி.ஏ. மாதிரிக் கல்விக்கடன் திட்டப்படி வெளிநாட்டுப் படிப்பென்றால் நாலு லட்சத்துக்கு மேல் 15 சதவீதம் மார்ஜின், ஏழரை லட்சத்துக்கு மேல் அடமானம். சாங்ஷன் எதை வைத்து? சேர்க்கைக் கடிதமும் ஐ-20யும். அந்த ஐ-20 பையன் முதலில் போய் உட்காரப் போகிற கல்லூரி கொடுப்பது. நாளைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்ன பெரிய பல்கலைக்கழகம் இன்றைக்கு ஐ-20 தராது, இரண்டாம் வருஷத்து ஃபீஸ் எவ்வளவு என்று எழுதியும் தராது. ஆக, அப்பா மனசில் இருப்பது ஒரு பெயர், கடன் பத்திரத்தில் இருப்பது இன்னொரு பெயர். மாறும்போது செவிஸ் பதிவை மாற்றி, புது ஐ-20 வாங்கி, ஃபீஸ் கூடினால் கடன் தொகையைக் கூட்டக் கேட்டு, மறுபடியும் என்னைப் போல ஒரு ஆள் முன்னால் வந்து நிற்க வேண்டும். வட்டி இதற்கெல்லாம் காத்திருப்பதில்லை. முதல் தவணை போன நாளிலிருந்து அது ஓடிக்கொண்டிருக்கிறது.

போன வருஷம் ஒரு திருநெல்வேலிக்காரர் வந்தார். வசாயில் சொந்த ஃபிளாட், அதுதான் அடமானம். பையன் முதல் வருஷம் ஒரு சின்னக் கல்லூரியில் படித்தான். கிரேடெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கடிதத்தில் கேட்டிருந்த பாடங்களில் ஒன்றுக்கு மட்டும் அந்தக் கல்லூரியில் அந்த செமஸ்டர் இடம் நிரம்பிவிட்டது. இவன் எடுக்க முடியவில்லை. நிபந்தனை நிறைவேறவில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்துவிட்டது. "சார், கியாரண்டின்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கானே சார்" என்றார். "அண்ணாச்சி, அதுக்குக் கீழே பொடி எழுத்துல என்ன போட்டிருக்கான்னு பாருங்க" என்றேன். சொல்லும்போது எனக்கே நாக்கு கசந்தது. எங்கள் கடன் பத்திரத்திலும் பொடி எழுத்து இருக்கிறது, ஆனால் அதைப் படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கினால் ஆடிட்டர் என் தலையில் கை வைப்பார். பல்கலைக்கழகத்துக்கு அந்த ஆடிட்டர் யார்? பையன் இன்னும் அந்தச் சின்னக் கல்லூரியிலேயே படிக்கிறான்.

எல்லாமே மோசடி என்று நான் சொல்லவில்லை. கலிபோர்னியாவில் டாக் என்று ஒன்று இருக்கிறது. அரசு சமுதாயக் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்துவிட்டு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மூன்றாம் வருஷத்துக்குப் போவது. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, ஸான்டா பார்பரா, ஸான்டா குரூஸ் என்று ஆறு வளாகங்கள் இந்த உத்தரவாதம் தருகின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், ஸான் டியேகோ தருவதில்லை. எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்த வளாகத்தில் செல்லும் என்பது அசிஸ்ட் இணையதளத்தில் பகிரங்கமாக இருக்கிறது. ஆர்.ஏ.சி. சார்ட்டை முன்னாலேயே ஒட்டிவிட்ட மாதிரி. முதல் இரண்டு வருஷம் ஃபீஸும் கணிசமாகக் குறைவு. இதற்குக் கடன் கேட்டு வந்தால் நான் முகம் சுளிக்க மாட்டேன். ஆனால் இதிலும் ஸான்டா பார்பராவின் பொறியியல் கல்லூரிக்கு டாக் செல்லாது. மாறிய பிறகு வெளிமாநில, வெளிநாட்டு மாணவர்களுக்கான கூடுதல் கட்டணம் மட்டுமே வருஷத்துக்கு 34,000 டாலருக்கு மேல். இந்த எண்ணை கன்சல்டன்ட் தன் பவர்பாயின்ட்டில் போட்டு நான் பார்த்ததில்லை.

டெக்ஸஸில் குடியேறிய நம்மவர் வீடுகளில் கேப் என்று ஒரு பெயர் அடிபடும். ஆஸ்டினில் இடம் கிடைக்காத டெக்ஸஸ் பிள்ளைகள் அதே அமைப்பின் வேறு வளாகத்தில் முதல் வருஷம் படித்து, 30 கிரெடிட், 3.2 சராசரி எடுத்து ஆஸ்டினுக்கு மாறலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிசினஸ், பொறியியல், கம்ப்யூட்டர் சயன்ஸ் எதுவும் அந்த உத்தரவாதத்துக்குள் இல்லை. நம் வீடுகளில் பிள்ளைகளை எதற்கு அனுப்புகிறோம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டுமா?

பல்கலைக்கழகம் வியாபாரம் செய்கிறது, செய்துவிட்டுப் போகட்டும். என் கோபம் நடுவில் நிற்கிற கன்சல்டன்ட் மேல். அதைவிட அதிகமாக, சொந்த ஊர் ஒதுக்கீட்டுக்கும் வந்த ஊர் ஒதுக்கீட்டுக்கும் நடுவில் அல்லாடி அலுத்துப்போய், தெரிந்த பெயர் ஒன்று லெட்டர்ஹெட்டில் இருந்தால் போதும் என்று வீட்டுப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வருகிற நம் ஆட்கள் மேல். பதினெட்டு வயசுப் பிள்ளையை ஒரு வருஷம் ஒரு ஊரில் வைத்து, அங்கே யாரோடும் ஒட்டாதே, நீ கிளம்பப் போகிறவன் என்று சொல்லி வளர்க்கப் போகிறோம். ஒரு கிரேடு குறைந்தால் வீடு போகும் என்ற பயத்தையும் அவன் பையிலேயே வைத்து அனுப்புகிறோம். அதே பிள்ளைக்கு, முழு மனசோடு "வா" என்று கூப்பிட்ட, பெயர் அவ்வளவு தெரியாத இன்னொரு கல்லூரியின் கடிதம் மேஜை டிராயரில் கிடக்கும். நான் கேட்டால்தான் வெளியே எடுப்பார்கள். பல சமயம் ஸ்காலர்ஷிப்போடு இருக்கும்.

பி.கு.: டாக் விண்ணப்பம் செப்டம்பர் 1 முதல் 30 வரை மட்டும், ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் போடலாம். மற்ற கடிதங்களை எங்கள் கிளைக்குக் கொண்டுவருகிறவர்கள் தயவுசெய்து எல்லாப் பக்கங்களையும் பிரின்ட் எடுத்து வாருங்கள். முதல் பக்கம் மட்டும் போதாது.